அடிக்குப் பிறகு வாசிக்கும் கிட்டார்

என் தம்பி அவன் மனைவியை முதன்முதலில் எதற்காக அடித்தான் என்று எனக்குத் தெரியாது. கிட்டார் விஷயத்தில் எதற்காக அடித்தான் என்று தெரியும். கருகுகிற வாசம் வருகிறது, சுவிட்சை அணையுங்கள் என்று அவள் சொன்னாள். அவள் சொன்னது சரியாகப் போய்விட்டதால் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

அம்மாதான் போனில் சொன்னாள். மருமகளின் உதடு கிழிந்த சமாச்சாரத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, கிட்டார் கருகிப்போன சமாச்சாரத்தை விலாவாரியாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வந்து எடுத்துப்போய் அதைச் சரி பண்ணிக் கொடு என்றாள். உதட்டுக்குத் தையல் போட்டார்களா என்று நான் கேட்ட பிறகுதான், போட்டார்கள் என்றாள்.

அது எல்லோரும் பார்த்திருக்கும் கிட்டார் இல்லை. நெஞ்சோடு அணைத்து வாசிப்பது வேறு. இதை மடியில் மல்லாக்கப் படுக்கப்போட்டு வாசிக்க வேண்டும். ஸ்டீல் கிட்டார் என்பார்கள். இடது கையில் ஓர் இரும்பு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்கினால், சுரம் அழுதுகொண்டே ஏறும், அழுதுகொண்டே இறங்கும். எங்கள் வீட்டிலிருந்தது ரொம்பப் பழசு. உடம்பு முழுக்கக் கறுப்பு பேக்கலைட், அந்தக் காலத்து வீட்டுச் சுவிட்சுகளில் இருக்குமே, அதே சாமான். அளவு சின்னதுதான், ஆனால் தூக்கினால் கை இறங்கும். கம்பிகளைச் சுற்றி இரண்டு லாடக் காந்தங்கள் வளைந்து நிற்கும். அவற்றுக்கு நடுவில், கம்பிகளுக்கு அடியில், தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். காந்தமும் காயிலும் சேர்ந்ததுதான் பிக்கப். மேலே கம்பி அதிர்ந்தால் காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையரில் பெருக்கினால் பாட்டு.

அப்பா வால்பாறையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். எஸ்டேட் துரை ஒருவர் ஊரைக் காலி செய்தபோது, வேண்டாத சாமான்களோடு இதையும் கழித்துப் போட்டுவிட்டுப் போனாராம். ஆம்ப்ளிஃபையர் வரவில்லை. அப்பா மூளைக்காரர். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. அந்த ரேடியோக்களின் முதுகில் கிராமபோன் செருகுவதற்கென்று ஒரு துளை இருக்கும். அதில் செருகினார், கிட்டார் ரேடியோ வழியாகப் பேசியது. தானே வாசித்துத் தானே கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் மைக்செட்டில் செருகி அவர் ஞானப்பாட்டு வாசித்தால் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள்.

அதே கை வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை பார்க்கும். குடித்தால் அடிப்பார் என்று சொன்னால் பாதிப் பொய். குடிக்காத நாளிலும் அடித்தார். அம்மாவின் முடியைக் கையில் சுருட்டிக் கதவு நிலையில் மோதுவார். ஒருமுறை கொதிக்கிற கஞ்சியைச் சட்டியோடு வீசினார். அம்மாவின் தோளில் தோல் உரிந்து, இன்றைக்கும் அந்த இடம் பளபளவென்று இருக்கிறது. ஒருமுறை அந்த இரும்பு உருளையையே எறிந்தார். அம்மா குனிந்துகொண்டதால் சுவர் பெயர்ந்தது. இன்னொரு முறை குனிய நேரமில்லை, கீழ்வரிசையில் முன்பல் இரண்டு போயிற்று. தம்பி கட்டிலுக்கடியில் நுழைந்துகொள்வான். மூத்தவள் நான், நுழைய மாட்டேன். நடுவில் போய் நின்று நானும் வாங்குவேன். எனக்கு அப்போதே வாய் நீளம், கோபம் அதைவிட நீளம்.

அடித்து முடித்ததும் கிட்டார் வாசிப்பார். அது தவறியதே இல்லை. மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் அதைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி வாசிப்பார். லைன் வீடுகளுக்குச் சுவர் பொது. இந்தப் பக்கம் அடி விழுந்தால் அந்தப் பக்கம் பாத்திரம் அதிரும். ஆனாலும் அடி விழும்போது ஒரு கதவும் திறக்காது. கிட்டார் கேட்டதும் எல்லாக் கதவும் திறக்கும். பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் அரைத்துக்கொண்டு வருவாள். அம்மாவின் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டு, அடிக்கிற கைதான் அணைக்கும் என்பாள். அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தவன் என் கையில் கிடைத்தால் நான் நன்றாக அணைத்து அனுப்புவேன்.

அந்த ஓசையை நான் வெறுத்தேன். பஸ்ஸில் ஏதாவது பழைய பாட்டில் ஸ்டீல் கிட்டார் வழுக்கினால்கூட உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போயிருக்கிறேன்.

அப்பா தூக்கத்தில் போனார். அவர் செய்ததற்கு அது ரொம்ப மரியாதையான சாவு. குழியில் இறக்கும்போது கிட்டாரையும் கூடப் போடுங்கள் என்று நான் சொன்னேன். போதகர் முறைத்தார். அம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு நாங்கள் மலையை விட்டு இறங்கி வந்தபோதும் மடியிலேயே வைத்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கியதில் உள்ளே ஏதோ விட்டுப்போய், கோயமுத்தூரில் ரேடியோவில் செருகிப் பார்த்தபோது சத்தம் வரவில்லை.

தம்பி மோட்டார் ரீவைண்டிங் கற்றுக்கொண்டு சிங்காநல்லூரில் கடை போட்டான். கடைக்குப் பின்னால் வீடு. அம்மா அவனோடு. எனக்குக் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் காயில் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அடுத்தவர் கல்யாணத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்துவிட்டேன். தம்பிக்கு மனைவி கோபிப் பக்கத்துப் பெண். சிரித்தால் வாய் நிறையச் சிரிப்பாள். அவர்களுக்கு ஒரு மகள், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண் ஹாஸ்டலுக்குப் போன பிறகு தம்பிக்குக் கை நீள ஆரம்பித்தது என்று அம்மா சொன்னாள். அதற்கு முன்பும் நீண்டிருக்கும், மறைத்திருப்பார்கள்.

அம்மா ஓயாமல் நச்சரித்ததால்தான் அவன் கிட்டாரைக் கையில் எடுத்தான். எடுத்தவன், எங்கள் ஊரில் மோட்டார் சுற்றுகிற எவனும் செய்வதையே செய்தான். சீரீஸ் பல்பை வைத்தான். வீட்டுக் கரண்டில் ஒரு குண்டு பல்பை நடுவில் போட்டு இரண்டு ஒயர் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் காயிலின் இரண்டு முனைகளில் வைத்தால், காயில் அறுபடாமல் இருந்தால் பல்பு எரியும், அறுந்திருந்தால் எரியாது. பம்ப்செட் மோட்டாருக்கு அது வேதவாக்கு. ஆனால் இந்தக் காயிலில் கம்பி மயிரிழை, அதுவும் ஆயிரக்கணக்கான சுற்று. நல்ல காயிலாக இருந்தாலும் பல்பு எரிகிற அளவுக்குக் கரண்டை விடாது, அதே நேரம் அது தாங்காத கரண்டு உள்ளே ஓடும். பல்பு எரியவில்லை. முனை சரியாகப் படவில்லை போல என்று இன்னும் அழுத்திப் பிடித்தான். புகை வந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள், அவனும் சீரீஸ் பல்பு ஒயரைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையாலேயே அவள் வாயில் அறைந்தான். பிறகு நான் பிரித்துப் பார்த்தபோது, முதலில் விட்டுப்போயிருந்தது செருகுமிடத்தில் ஒரு சால்டரிங் மட்டும்தான் என்று தெரிந்தது. காயில் அதுவரை நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

நான் போனபோது அவள் சமையலறையில் இருந்தாள். உதடு வீங்கி, முழங்கைக்கு மேல் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. என்னோடு கிளம்பி வா என்றேன். மகளுக்குப் பரீட்சை முடியட்டும் அண்ணி, இப்போது அவளுக்குத் தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்றாள். கடைக்குப் போய்த் தம்பியிடம், இனி அவள்மேல் கை வைத்தால் அந்தக் கையை முறித்துவிடுவேன் என்று சொன்னேன். ஒரு மோட்டார் ஸ்டேட்டரில் காயிலைத் தட்டி இறக்கிக்கொண்டே, குடும்பம் இருந்தால் உனக்கும் தெரியும் அக்கா என்றான். அப்பா குரல் அப்படியே.

அம்மாவிடம், இந்தச் சனியனைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கப்போகிறேன் என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஊட்டுல அடி எப்ப முடியுதுன்னே தெரியல கண்ணு. நிறுத்துவான். வெளிய போவான். தண்ணி குடிச்சுப்போட்டு மறுக்கா வந்து அடிப்பான். அந்தப் புள்ள ராவு பூராம் உக்காந்தே கெடக்கறா. உங்கொப்பன் அப்படியில்ல. கிட்டார் சத்தம் வந்துட்டா அன்னைக்கு முடிஞ்சுது. அதுக்கு மேல கை ஓங்குனதே இல்ல. அந்தச் சத்தத்துலதான் எனக்கு மூச்சே வரும். இவனுக்கும் அப்பன் கைதான, வாசிப்பு வரும். அவளுக்கு அந்த ஒரு முடிவாவது வேணுமல்ல?"

 நான் எதைக் கேட்டால் நடுங்குவேனோ அதைக் கேட்டுத்தான் என் அம்மா உயிர் பிழைத்திருக்கிறாள். அவள் சொன்னது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் கிளம்பி வர மாட்டேன் என்கிறாள், தம்பி நிறுத்த மாட்டேன் என்கிறான், அவளை உயிரோடு வைத்திருக்க வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

காயிலைப் பிரித்தேன். உள்ளே கம்பி கம்பியாகவே இல்லை, தொட்டால் கருப்பாக உதிர்ந்தது. எங்கள் கம்பெனியில் இருக்கிற ஆக மெல்லிய கம்பிகூட அதன் முன்னால் தாம்புக்கயிறு. ரிலே சுவிட்சுக்குக் காயில் சுற்றுகிறவர்கள் வாங்குகிற கடையில் தேடி அந்தக் கம்பியைப் பிடித்தேன். தையல் மிஷின் மோட்டாரை மேஜையில் பொருத்தி, இரண்டு விரலுக்கு நடுவில் கம்பியை விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சுற்றினேன். கொஞ்சம் இறுக்கினால் அறுந்துவிடும். அறும்போதெல்லாம் அப்பனையும் பிள்ளையையும் சேர்த்து வைதேன். மோட்டார் என்றால் வார்னிஷில் முக்கி அடுப்பில் சுடுவோம். இதற்கு அது ஆகாது, மெழுகை உருக்கி முக்கினேன். கரண்டு பாய்ந்ததில் காந்தங்களும் பாதி செத்திருந்தன, ஒரு ஆணியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. உக்கடத்தில் பழைய பைக்குகளின் மேக்னட்டுக்குச் சார்ஜ் ஏற்றித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே கொடுத்தேன். இது எந்த வண்டிக்குங்க என்று கேட்டார். பாடுகிற வண்டி என்றேன்.

எல்லாம் சேர்த்து, கம்பி பூட்டி, சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் செருகி, ஒரு கம்பியை மீட்டிவிட்டு இரும்பு உருளையை வைத்து வழுக்கினேன். எழுந்து ஓடத் தோன்றும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தோன்றவில்லை. தோள் இரண்டும் தானாக இறங்கின, மூச்சு நீளமாக வெளியே போயிற்று. அடி முடிந்தது என்று என் உடம்பும் அத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையை எட்டி உதைத்தேன்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த பிறகு ஆம்ப்ளிஃபையரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பிக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். சின்ன வயதில் அப்பா இல்லாத நேரம் திருட்டுத்தனமாகப் பழகிய கைதான். கட்டிலில் உட்கார்ந்து சுருதி சேர்த்தான். முதலில் தடுமாறினான், பிறகு அப்பா வாசிக்கிற ஞானப்பாட்டு அப்படியே வந்தது. வாசலில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததில்லை. நானே ஒரு நிமிஷம் ஏமாந்தேன், ஒருவேளை இது நடக்கலாம் என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். கறிக்குழம்பு. எப்படி வாசித்தேன் என்று மனைவியிடம் கேட்டான். அவளும் அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தாள், வாய் நிறையச் சிரித்தாள்.

"நல்லாருந்துதுங்க. அன்னைக்கு நாஞ் சொன்னப்பவே சுவிட்ச அமத்தியிருந்தீங்கன்னா அண்ணிக்கு இத்தன வேல வெச்சிருக்க வேண்டாம்."

கேலிதான். வேறு வீடாக இருந்தால் புருஷனும் சிரித்திருப்பான். சாப்பாட்டுத் தட்டு அவள் நெற்றியில் போய் விழுந்தது. குழம்பு எது ரத்தம் எது என்று தெரியவில்லை. எழுந்து அவள் விலாவில் உதைத்தான். நான் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன், என்னைத் தள்ளியதில் பீரோவின் கைப்பிடி முதுகில் குத்தியது. அவள் முடியைக் கையில் சுருட்டினான். எனக்குத் தெரிந்த சுருட்டல் அது. அடுத்தது கதவு நிலைதான் என்று எனக்குத் தெரியும். மோதினான். ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப மோதினான். அவள் கத்தவில்லை, ஒவ்வொரு மோதலுக்கும் மூச்சு மட்டும் ஹக் ஹக்கென்று வந்தது.

அம்மா குறுக்கே வரவில்லை. கட்டிலருகே போனாள். ஆம்ப்ளிஃபையரைப் போட்டாள், ஒயரைச் செருகினாள், அது உறுமியது. கிட்டாரைக் கட்டில்மேல் மல்லாக்க வைத்தாள். இரும்பு உருளையை எடுத்துக்கொண்டு வந்து மகனின் முழங்கையைத் தொட்டாள். போதும் சாமி, வந்து வாசி என்றாள். அவன் முடியை விட்டான். மூக்கணாங்கயிறு பிடித்த மாடாக அவள் பின்னால் போனான், உட்கார்ந்தான், உருளையை வாங்கிக்கொண்டான், வாசித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஸ்டேட்டிலும் அப்பா தானாகக் கிட்டாரை எடுத்ததில்லை. விறகு அடுக்கின்மேல் ஆணியில் தொங்கும் அதை எடுத்து வந்தது அம்மா. வாயில் ரத்தத்தோடு ரேடியோவைத் திருப்பிவைத்து ஒயரைச் செருகியது அம்மா. அவர் நல்லவராக வேஷம் போட வாசிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அம்மாதான் ஒவ்வொரு முறையும் அடியை நிறுத்தியிருக்கிறாள்.

வெளியே கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, அருமையாக வாசிக்கிறாருங்க என்றாள். தரையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அவள் பார்க்கவே இல்லை. தம்பி கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இரும்பு உருளையை அவன் கையிலிருந்து பிடுங்கி அவன் வலது மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து இடது கையால் என்னை அறைந்தான். தோள்பட்டையில் இன்னொன்று போட்டேன், உட்கார்ந்துவிட்டான். எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அப்பன் ரத்தம் எனக்கும்தானே ஓடுகிறது.

ஆம்ப்ளிஃபையர் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். அந்த அமைதியில் தம்பி மனைவி எழுந்தாள். குழாயடியில் முகம் கழுவினாள், துண்டை மடித்துத் தலையில் கட்டினாள், ஒரு பையில் துணியைத் திணித்தாள். பரீட்சை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"போலாங்க அண்ணி."

அவ்வளவுதான். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு போலீஸ் ஸ்டேஷன், பிறகு என் வீடு என்றேன். தலையாட்டினாள். அம்மாவையும் கிளம்பச் சொன்னேன். அம்மா வரமாட்டேன் என்றாள். இவனுக்குச் சோறு யார் போடுவார்கள் என்றாள். கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து இழுத்தேன். கல்லைப் போல நின்றாள். சரி, இதுவாவது இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று கிட்டாரை எடுத்து அக்குளில் இடுக்கினேன். போகிற வழியில் நொய்யலில் வீசிவிடுவதாக இருந்தேன். அம்மா ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு விடுவிக்க முடியவில்லை.

"அவளக் கூட்டிட்டுப் போ கண்ணு. நல்லாருப்பீங்க. இத வெச்சுட்டுப் போ. கை ஆறுனா மறுக்கா ஓங்குவான். அவ போயிட்டா இனி எனக்குத்தான. இது எனக்கு வேணும்."

நான் பிடியை விட்டேன். கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு, நான் பிடுங்கி எறிந்த ஒயரைத் தேடி எடுத்து, முனையை முந்தானையில் துடைத்து, திரும்பவும் செருகினாள்.